மூன்றாவது குமிழ்

வீட்டில் நான் செய்த பெடல்கள் 23 இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் எழுத்து உண்டு, படம் உண்டு. 2023 ஏப்ரலில் இன்னொருவர் செய்த பெடல் ஒன்று என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அதன் மேல் எழுத்தும் இல்லை, படமும் இல்லை. மூன்று குமிழ்கள், காலால் மிதிக்க ஒரு ஸ்விட்ச், இரண்டு பக்கமும் வயர் செருக இரண்டு துளைகள். அலுமினியம் அலுமினியமாகவே இருந்தது. 23 பெட்டிகளிலும் நான் கேட்டுக்கொள்ளாத ஒரு கேள்வியை அந்த ஒரு பெட்டி கேட்கவைத்தது.

பெடல் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரிக் கிதாரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயரை நடுவில் மறித்து, ஒலியைக் கரகரக்கவோ எதிரொலிக்கவோ அலையவோ செய்கிற சிறு பெட்டி. தரையில் கிடக்கும். வாசிப்பவரின் கைகளுக்கு வேறு வேலை இருப்பதால் கால் அதை இயக்கும். நான் கிதார் வாசிப்பவனல்ல. வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். ரிச்சி தெருவில் ரெஸிஸ்டரும் கெப்பாஸிட்டரும் பொறுக்கி வாங்கி, ராத்திரியில் உட்கார்ந்து சால்டர் வைப்பதில் ஒரு சுகம் கண்டவன். வாசிப்பதெல்லாம் மற்றவர்கள்.

உலகம் பூராவும் வீட்டில் பெடல் செய்கிறவர்களுக்குப் பழக்கமான பெட்டி ஒன்று உண்டு. கனடாவின் ஹாமண்ட் கம்பெனி வார்க்கும் 1590பி. நீளம் 112 மில்லிமீட்டர், அகலம் 60, உயரம் 31. அசலோ நகலோ, பெரும்பாலோர் இந்த அளவிலோ இதற்குக் கொஞ்சம் மேலோதான் செய்கிறார்கள். அதன் முகம் அஞ்சலட்டையைவிடச் சிறியது. குமிழ்களுக்கும் ஸ்விட்சுக்கும் விளக்குக்கும் துளை போட்டது போக மிஞ்சுகிற இடத்தில்தான் எழுத வேண்டும். எழுத்து அங்கே விருந்தாளி, ஒண்டிக்கொள்ள வேண்டும்.

இந்த ஒண்டுக் குடித்தனத்துக்காக நான் செலவிட்ட ராத்திரிகளைக் கணக்கிட்டால் சர்க்யூட்டுக்குச் செலவிட்டதைவிட அதிகம் வரும். முதலில் மார்க்கர் பேனாவால் எழுதி, மேலே வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் மையையும் கரைக்கும் என்று அப்போது தெரியாது. எழுத்து கண்ணெதிரே ஊதா நிறமாக விரிந்து ஓடியது. அடுத்து நீரில் நனைத்து ஒட்டும் டிகால் தாள். அச்சடித்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டு, படலம் நழுவத் தொடங்கும்போது பெட்டிமேல் தள்ளி, அடியில் சிக்கிய காற்றுக் குமிழியை விரலால் ஓரத்துக்கு ஓட்ட வேண்டும். அதிலும் ஒரு தடை. வீட்டுப் பிரிண்டருக்கு வெள்ளை மை கிடையாது. கறுப்புப் பெட்டியில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால், வெள்ளைப் படலத்தின் மேல் கறுப்பை அச்சடித்து எழுத்தின் இடத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். எழுத்து என்பது மை படாத இடம். இது புரிந்தபோது பெரிய தத்துவம் கிடைத்துவிட்டதாக ஒரு வாரம் திரிந்தேன்.

பிறகு வந்தது அரிப்பு. எழுத்தை இடவலம் மாற்றி, லேசர் பிரிண்டரில் வழவழப்பான பத்திரிகைத் தாளில் அச்சடித்து, பெட்டிமேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால், டோனர் உருகி உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் ஊறவைத்துத் தாளை மட்டும் உரித்துவிட வேண்டும். பின் ஃபெரிக் குளோரைடில் முக்குவது. சர்க்யூட் போர்டின் செம்பை நிதானமாகத் தின்னும் அந்தப் பழுப்புத் திரவம் அலுமினியத்தைக் கண்டால் வெறிபிடித்ததுபோல் ஆகிவிடுகிறது. பொங்கி நுரைக்கும், பெட்டி கையில் பிடிக்க முடியாமல் சுடும். சில விநாடிகள் முக்கி, எடுத்து, அலசி, மறுபடி முக்க வேண்டும். முன்பே செம்பு கரைந்த பழைய திரவமானால் சிவந்த சேறாகச் செம்பு படியும். டோனர் மூடிய இடம் தப்பித்து மேடாக நிற்கும். கறுப்புப் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் உப்புத்தாளால் மேல்வாட்டில் தேய்த்தால் மேடு மட்டும் வெளுத்துப் பளிச்சிடும். கைக்குத் தட்டுப்படுகிற எழுத்து. கல்வெட்டு வெட்டியவனின் கர்வத்தில் ஒரு துளி எனக்கும் வந்தது.

தமிழில் எழுத வேண்டும் என்ற பிடிவாதமும் அப்போது சேர்ந்தது. முதல் பெட்டியில் ஒரு குமிழுக்கு ‘அழுத்தம்’ என்று பெயர் வைத்தேன். டோனர் படியும்போது சின்னப் புள்ளிகள் முதலில் காலைவாரும். தாளை உரிக்கையில் இரண்டு புள்ளிகளும் தாளோடு போய்விட்டன. நான் கவனிக்கவில்லை. அரித்து முடித்து, பெயின்ட் அடித்து, தேய்த்து, பெருமையோடு எடுத்துக்கொண்டு பெரம்பூரில் ஒரு நண்பரிடம் போய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டினார்: “அழுததம… யாரு ஸார் அழுதது?”

அந்த நண்பர்தான் எழுத்தில்லாத பெட்டியைச் செய்தவர். ரயில்வேயில் வேலை. வாலிபத்தில் மெல்லிசைக் குழுக்களில் கிதார் வாசித்தவர். பின்னால் தேவாலயத்தில் மட்டும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என்றாலும் என்னை ஸார் என்றுதான் கூப்பிடுவார். எனக்குச் சால்டர் பிடிக்கக் கற்றுத்தந்தவர் அவர். அவர் செய்த பெட்டி எதிலும் எழுத்து இருந்ததில்லை. பெயின்ட்கூட இல்லை. என் பெட்டிகளைக் கல்யாணப் பத்திரிகை என்பார். “குமிழைத் திருப்பிப் பாருங்க ஸார். என்ன செய்யுதுன்னு அதுவே சொல்லும். நடுவில நீங்க எதுக்கு?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. காரணம் எனக்குத் தெரிந்தே இருந்தது. என் 23 பெட்டிகளின் உள்ளே இருப்பவை பெரும்பாலும் பிறர் கண்டுபிடித்த சர்க்யூட்டுகள். ஒரு கெப்பாஸிட்டரின் மதிப்பைக் கூட்டியிருப்பேன், ஒரு டயோடை மாற்றியிருப்பேன். வீட்டில் செய்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் இப்படித்தான். எனவே என்னுடையது என்று சொல்லிக்கொள்ள வெளியே இருக்கும் படம் ஒன்றுதான். படத்தில் இத்தனை அக்கறை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் உள்காரணம். ஒரு பெட்டிக்கு ஆந்தை படம் அரித்தேன். ஆந்தை அழகாக வந்தது. உள்ளே எர்த் வயரைக் கவனக்குறைவாக ஓட்டியிருந்ததால் பெட்டி இரைந்துகொண்டே இருந்தது. ஆந்தையைப் பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். இரைச்சலைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நம் கவிதைத் தொகுப்புகளின் அட்டைகள் ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

ஆனால் அவர் சொன்னது முழுக்கச் சரியென்றும் எனக்குப் படவில்லை. இந்தக் கரகரப்பின் சரித்திரத்தையே எடுத்துக்கொள்ளலாம். மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-இல் வெளிவந்த ‘டோன்ட் வொரி’ என்ற பாட்டில், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் தனி ஆவர்த்தனம் நாஷ்வில் ஸ்டூடியோவின் பழுதான கருவி ஒன்றின் வழியே போய்ச் சிதைந்து கரகரத்தது. பழுது என்று அழித்துவிடாமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அந்த ஒலிப்பதிவைச் செய்த இஞ்சினீயர் க்ளென் ஸ்னாடி, அதே பழுதை வேண்டியபோது வரவழைக்க ட்ரான்சிஸ்டரில் ஒரு சர்க்யூட் செய்தார். கிப்ஸன் கம்பெனி அதை 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு குமிழ்கள்: ‘வால்யூம்’, ‘அட்டாக்’. கிதாரை ஊதுகருவிபோல் ஒலிக்கச் செய்யும் என்று விளம்பரம். 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபேக்ஷன்’ பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்த பிறகு ஊதுகருவிப் பேச்சை யாரும் நினைக்கவில்லை. ஒரு பழுது பெட்டிக்குள் போய், அதன்மேல் ஒரு பெயரும் எழுதப்பட்ட பிறகுதான் அது வாத்தியத்தின் பகுதி ஆயிற்று. பெயர் இல்லாதவரை அது ரிப்பேர்க்காரனின் விவகாரம்.

பெயர் தவறாக இருந்தாலும் காரியம் நடக்கிறது என்பது அடுத்த ஆச்சரியம். ராட் என்ற பெடலில் ‘ஃபில்ட்டர்’ என்று ஒரு குமிழ் உண்டு. மற்றப் பெட்டிகளின் ‘டோன்’ குமிழை வலப்பக்கம் திருப்பினால் ஒலி கூர்மையாகும். இதை வலப்பக்கம் திருப்பினால் மழுங்கும். பெயரைச் சரியாகப் படித்தவனுக்கு இதில் குழப்பமில்லை. வடிகட்டுவதைக் கூட்டினால் குறையத்தான் செய்யும். ஃபஸ் ஃபேக்டரி என்று ஒரு பெட்டி; அதன் ஐந்து குமிழ்களும் ஒன்றையொன்று பாதிப்பவை. ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதியிருக்கிறது. ஆனால் ஒன்றைத் தொட்டால் மற்ற நான்கின் பெயரும் பொய்யாகிவிடும். பில் ஃபின்னெகன் 1994 முதல் விற்ற க்ளான் சென்டார் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. வெளியே குமிழ்களின் பெயர் தெளிவாக இருக்கும். உள்ளே சர்க்யூட்டை யாரும் பார்க்க முடியாதபடி எபாக்ஸி பிசினால் மூடியிருப்பார். சிலவற்றில் குதிரை மனிதனின் படம் உண்டு, சிலவற்றில் கிடையாது. படமுள்ளதற்கு இன்று சேகரிப்பாளர்களிடம் விலை கூடுதல். ஒலியில் வித்தியாசம் இருக்க நியாயமில்லை.

தமிழில் பெயர் வைக்கப் போனால் வேறு சிக்கல்கள். ‘டோன்’ என்பதற்குத் தொனி என்று எழுதினேன். ஒரு கெப்பாஸிட்டரும் ஒரு குமிழும் சேர்ந்து ஒலியின் மேல் நுனியைச் சீவுகிற வேலைக்கு, ஒன்பதாம் நூற்றாண்டுக் காஷ்மீரத்தில் ஆனந்தவர்த்தனர் கவிதையின் ஆத்மா என்று சொன்னதன் பெயர். சொல்லாமல் உணர்த்துவது தொனி என்று படித்தவனுக்கு, அதைத் திருப்ப ஒரு குமிழ் இருக்கிறது என்பது கூச்சமாக இருக்கும். இன்னொரு பெட்டியில், கரகரப்பைக் கூட்டும் குமிழுக்கு ‘ஜீவா’ என்று எழுதினேன். தம்புராவின் குதிரைமேல், தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி நகர்த்துவார்கள். ஒரு இடத்தில் மொண்ணையாக இருந்த தந்தி ரீங்கரிக்கத் தொடங்கும். அந்த நூலுக்கு ஜீவா என்றும் ஜீவாளி என்றும் பெயர். சுத்தமான ஒலியில் கொஞ்சம் இரைச்சல் கலந்தால்தான் உயிர் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல என்று காட்டுவது என் உத்தேசம். அந்தப் பெட்டியை வாங்கிப்போன பையன் “ஜீவாங்கறது உங்க பேரா அங்கிள்?” என்று கேட்டான். அவன் தகப்பனார் கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவின் நினைவாக வைத்ததென்று எண்ணிச் சந்தோஷப்பட்டாராம்.

புள்ளி உதிர்ந்த கதையை நண்பர் பல நாள் சொல்லிச் சிரித்தார். நான் விட்டுக்கொடுக்காமல் ஏட்டுச் சுவடிகளை இழுத்தேன். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டென்று தொல்காப்பியம் சொன்னாலும், ஏட்டில் எழுதியவர்கள் பெரும்பாலும் இடவில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். குறிலையும் நெடிலையும் கூடப் படிப்பவனே அறிந்துகொள்ள வேண்டும். ஆகவே புள்ளியில்லாத எழுத்துக்கு மரபு உண்டு என்றேன். அவர் சொன்னார்: “அவங்களுக்கெல்லாம் பாட்டு மனப்பாடம் ஸார். ஓலை ஒரு ஒத்தாசை.” தன் பெட்டிகளைப் பற்றித்தான் அதைச் சொன்னார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் பெட்டிகள் அவருக்கு மனப்பாடம். புள்ளியில்லாத ஓலைபோல, முன்பே தெரிந்த ஒருவனை எதிர்பார்த்துக்கொண்டு அவை இருந்தன. பாட்டை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் போனபின், அதே ஓலைகளைக் கையில் எடுத்த பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் அவர் போனார். நான் போகவில்லை; போக விடவில்லை. அவர் பெட்டிகளில் பலவற்றை வாழ்நாளிலேயே கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். கடைசியாக வீட்டில் இருந்தது ஒன்று. அது மகளிடம் இருந்தது. அவள் வேலைக்குப் போகிறவள். சிநேகிதர்களோடு ஒரு குழுவில் கிதார் வாசிக்கிறாள்.

2023 ஏப்ரலில் அவள் போன் செய்தாள். “அங்கிள், அப்பா பெட்டி செத்துப்போச்சு. பாட்டரி மாத்திப் பாத்துட்டேன். சத்தம் திக்கித் திக்கி வருது, அப்புறம் நின்னுடுது. தூக்கிப்போட மனசு வரல. டிசம்பர்ல நல்லா இருந்துச்சு.”

“எந்தக் குமிழ் எதுக்குன்னு தெரியுமாம்மா?”

“முதல் ரெண்டும் தெரியும். ஒண்ணு சத்தம், ஒண்ணு கரகரப்பு. மூணாவது ஒண்ணும் செய்யல. சில சமயம் கெடுக்குது. அதனால நான் அதைத் தொடறதேயில்ல.”

பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அடிமூடியின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினேன். உள்ளே பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஃபஸ் ஃபேஸ் வகை சர்க்யூட். லண்டனில் 1966-இல் வந்த பெட்டி அது. வட்டமான உடம்பில் இரண்டு குமிழ்கள் கண்களாக, கீழே ரப்பர் பட்டை வாயாக, மனித முகம் போலவே இருக்கும். உள்ளே இரண்டே ட்ரான்சிஸ்டர். கைவிரலால் எண்ணிவிடக்கூடிய ரெஸிஸ்டர்கள். நண்பர் போட்டிருந்தது பழைய ரேடியோவிலிருந்து எடுத்த ஏசி128, ஜெர்மேனியம். அசலில் குமிழ் இரண்டுதான். மூன்றாவதைச் சேர்த்தவர் இவர்.

ஜெர்மேனியத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. சூடு ஏற ஏற அதன் வழியே கசிகிற மின்சாரம் கூடும். இந்த சர்க்யூட்டில் இரண்டாவது ட்ரான்சிஸ்டரின் கலெக்டரில், 9 வோல்ட் பாட்டரிக்குச் சுமார் பாதி, நான்கரை வோல்ட் நின்றால் ஒலி தழைத்து வரும். அது நகர்ந்துவிட்டால் ஒலி திக்கும், அறுந்து விழும், ஊமையாகும். ஐரோப்பியக் குளிரில் சரிசெய்து மூடிய பெட்டியே கோடையில் தகராறு செய்வது பிரசித்தம். சென்னையில் கேட்கவே வேண்டாம். அதற்காக, உள்ளே நிரந்தரமாக இருக்க வேண்டிய ஒரு ரெஸிஸ்டரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெளியே திருப்பும்படி ஒரு குமிழை வைத்திருந்தார். டிசம்பரில் ஒரு இடம், மேயில் வேறு இடம். மகள் தொடாமல் பயபக்தியோடு காப்பாற்றிவந்தது அந்தக் குமிழைத்தான். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். நான்கரையிலிருந்து வெகுதூரம் போயிருந்தது. குமிழை மெதுவாகத் திருப்பினேன். பெட்டி பேசிற்று. செத்தது என்று அவள் சொன்ன பெட்டியில் பழுது எதுவுமே இல்லை.

மூடப்போகும்போதுதான் அடிமூடியின் உட்புறத்தைப் பார்த்தேன். பென்சில் எழுத்து. ‘4.5 வோ. மே 2 மணி. டிச. 10 மணி. 2014.’ குமிழின் நிலையைக் கடிகார முள்ளின் நிலையாகச் சொல்வது கிதார்க்காரர்கள் வழக்கம்.

எனக்குக் கொஞ்சம் நேரம் வேலை ஓடவில்லை. இத்தனை வருஷமாக, அவர் எழுதாதவர் என்று எண்ணியிருந்தேன். அதில் ஒரு துறவியின் மிடுக்கைக் கற்பித்து, உள்ளூரப் பொறாமையும் பட்டிருந்தேன். அவர் எழுதியிருக்கிறார். பெட்டியைத் திறக்கத் தெரிந்தவன் பார்க்கும் இடத்தில் எழுதியிருக்கிறார். அதாவது என்னைப் போன்றவனுக்கு. நான் வெளியே அரித்ததெல்லாம் பார்க்கிறவர்களுக்காக. அவர் உள்ளே எழுதியது ரிப்பேர் செய்கிறவனுக்காக. எங்கள் இருவர் கணக்கிலும் வாசிக்கிறவள் வரவில்லை. அவள் பெட்டியைத் திறக்க மாட்டாள். ஆந்தையும் அவளுக்கு உபயோகமில்லை.

மேல் எழுத்து அவசியம்தானா என்று அவளிடமே கேட்டேன். மேடையில் விளக்கை அணைத்துவிட்டால் தரையில் கிடக்கும் பெட்டியின் எழுத்தை யாராலும் படிக்க முடியாது என்றாள். காலுக்குத் தெரிவது இடம். கண்ணுக்குத் தெரிந்தால் தெரிவது நிறம். எம்எக்ஸ்ஆர் கம்பெனியின் ஃபேஸ் 90 ஆரஞ்சு, ஐபனெஸ் கம்பெனியின் ட்யூப் ஸ்க்ரீமர் பச்சை. பேர் படிக்காமலே ஆயிரம் பேர் அவற்றை மிதிக்கிறார்கள். முதல் இரண்டு குமிழ்களுக்கும் எழுத்து வேண்டாம் என்றாள், திருப்பினாலே தெரிகிறது. அவள் அப்பா சொன்னதையே அவரைக் கேட்காமல் சொன்னாள்.

மூன்றாவது அப்படியல்ல. அதைத் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு பகலில் திருப்பினால் ஒன்றும் நடக்காது, இன்னொரு பகலில் பெட்டியே செத்துவிடும். அதன் காரணம் பெட்டியில் இல்லை, வெளியே அடிக்கிற வெயிலில் இருக்கிறது. காது அத்தனை மாதம் காத்திருந்து ஒப்பிட்டுப் பார்க்காது. காது தானே கண்டுபிடித்துவிடும் இடத்தில் எழுத்து அலங்காரம். கண்டுபிடிக்க முடியாத இடத்தில் அது பக்கத்து மனிதனுக்குச் செய்கிற உதவி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் நான் 23 பெட்டிகளில் எல்லாக் குமிழுக்கும் பெயர் எழுதினேன். அவர் எதற்கும் எழுதவில்லை.

ஆனாலும் அவர் பெட்டியில் நான் எழுதுவதா? செத்தவர் கவிதைக்குத் தலைப்பு வைக்கிற பதிப்பாளர்களைப் பற்றி இதே பத்திரிகையின் பக்கங்களில் கடுமையாகப் பேசியவர்களில் நானும் ஒருவன். இதை அவளிடம் வேறு மாதிரி சொன்னேன். “அப்பா வெளியே எதுவும் எழுத மாட்டாரும்மா.”

“உள்ளே எழுதியிருக்காரே அங்கிள். எனக்குத்தான் தெரியாம போச்சு. நீங்க வெளிய எழுதுங்க. அந்த ஒண்ணுக்கு மட்டும்.”

என்ன எழுதுவது? ஆங்கிலப் பெட்டிகளில் இந்தக் குமிழுக்கு ‘பயாஸ்’ என்று போடுவார்கள். தமிழில் சார்பு எனலாம். விமர்சகர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள வைத்திருக்கும் சொல். அது இல்லாமல் ட்ரான்சிஸ்டர் வேலையே செய்யாது என்பது விமர்சகர்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். ஆனால் சார்பு என்று எழுதினால் அவளுக்கு என்ன புரியும்? எப்போது திருப்ப வேண்டும் என்று அது சொல்லாது. ‘வெயில்’ என்று எழுதுவதென்று தீர்மானித்தேன். குமிழ் செய்யும் காரியத்தின் பெயரல்ல அது. அதைத் தொட வேண்டிய காலத்தின் பெயர்.

அரிக்க முடியாது, உள்ளே எல்லாம் பற்றவைத்திருக்கிறது. கழற்றினால் பழைய ட்ரான்சிஸ்டரின் கால்கள் சூடு தாங்காது. டிகால் ஒட்டலாம், கல்யாணப் பத்திரிகை என்ற குரல் கேட்டது. எனாமலில் மெல்லிய பிரஷ்ஷைத் தோய்த்துக் கையாலேயே எழுதினேன். முதலில் என் பெட்டி ஒன்றின் மூடியில் பத்து தடவை எழுதிப் பழகினேன். எழுதி, இரண்டு நாள் காயவைத்து, மேலே எந்த வார்னிஷும் அடிக்காமல் விட்டேன். பட்டு அழிந்தால் அழியட்டும், மறுபடி எழுதலாம். கை கொஞ்சம் நடுங்கிற்று. கடைசி எழுத்தின் புள்ளி ஓரத்தில் இழுத்துக்கொண்டுவிட்டது. படிக்க முடிகிறது.

வெயிலைச் சுற்றி வட்டமாக இரண்டு சிறு கோடுகளும் போட்டேன், 2 மணிக்கு ஒன்று, 10 மணிக்கு ஒன்று. அவை என் சொந்தச் சரக்கல்ல. மூடிக்கு உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவந்தது மட்டும்.

அந்த டிசம்பரில் அவள் மறுபடி போன் செய்தாள். 10 மணிக்குத் திருப்பினாளாம், நன்றாகத்தான் இருந்ததாம். ஒன்பதரையில் இன்னும் நன்றாக இருக்கிறது என்றாள். ட்ரான்சிஸ்டருக்கும் வயதாகும். மூடியைத் திறந்து, அப்பா எழுதியதற்குக் கீழே வருஷத்தைப் போட்டு, பென்சிலால் அதை எழுதிக்கொள்ளச் சொன்னேன். நான்கு ஸ்க்ரூவும் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன்.